வெள்ளம் வருமுன் நீள வேண்டிய கை





2015 டிசம்பரில் சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் மூழ்கியபோது நம் சமுதாயம் என்ன செய்தது என்பதை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களே சொன்னார்கள். பள்ளிவாசல்களின் கதவுகள் சாதி, மதம் பாராமல் திறந்தன. நம் இளைஞர்கள் வெள்ள நீரில் இறங்கி முதியவர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். நீர் வடிந்த பிறகு சேறு படிந்த கோயில்களையும் கழுவிக் கொடுத்தார்கள். கொரோனாக் காலத்தில் சொந்த உறவினரே தொட அஞ்சிய உடல்களை உரிய மரியாதையோடு அடக்கம் செய்தவர்களிலும் நம்மவர்கள் பலர் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். இவற்றுக்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

அத்தகைய நம்மிடம் ஒரு சிறிய அழைப்பு வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் நாம் சிலர், மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு செய்தியைப் பகிர்ந்தோம். பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் காட்டுப் பகுதியில், ஜனவரி மாதத்தின் ஒரு சனி, ஞாயிறு இரு நாட்களும் குப்பை அகற்றும் பணியும் சீமைக் கருவேலக் கன்றுகளைப் பிடுங்கும் பணியும் நடைபெறும். வனத்துறையின் அனுமதி பெறப்பட்டுள்ளது. குடும்பத்தோடு வரலாம் என்பதே அச்செய்தி. வெள்ள நிவாரணச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஐம்பது பேரைத் திரட்டிவிடும் குழுமம் அது. அன்று அது மௌனமாக இருந்தது. மறுநாள் ஒருவர், "காட்டில் குப்பை பொறுக்க அரசாங்கத்தில் ஆள் இல்லையா பாய்?" என்று எழுதினார். சிலர் சிரிப்புக்குறி இட்டார்கள். முடிவில் புறப்பட்டவை ஆறு குடும்பங்கள்.

வராதவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு எவ்வளவு அருமையானது என்பதை நாமும் அறிவோம். ஆயினும் அந்த இரு நாட்கள் நம் உள்ளத்தில் ஒரு கேள்வியை விட்டுச் சென்றன. துன்பம் நேர்ந்த பிறகு நீளும் நம் கை, அது நேராமல் காக்கும் பணிக்கு ஏன் நீள்வதில்லை?

கஸ்ர் செய்யும் தூரத்தில்கூட இல்லாத காடு

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சீத்தஞ்சேரி வழியாகச் சென்றால் குடியத்தை அடையலாம். சிமெண்டு நிறப் புகையும் லாரிகளின் இரைச்சலும் பின்தங்கிவிட, அல்லிக்குழிக் குன்றுகள் தாழ்ந்த நீல வரிசையாகத் தெரிகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் காண்பது போன்ற வானளாவிய மரங்கள் இங்கே இல்லை. களா, காரை, சூரை, வெப்பாலை என ஆளுயரப் புதர்களும் சிறு மரங்களும் நிறைந்த வறண்ட காடு இது. பார்த்தவுடன் "இதைப் போய்க் காப்பாற்ற வேண்டுமா?" என்றுதான் தோன்றும்.

ஆனால் இந்த மண்ணின் வயதைக் கேட்டால் வாயடைத்துப் போவோம். பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் தொல்மனிதர்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்பு உள்ளிட்ட ஆய்வாளர்கள், அக்கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். குடியத்தின் பாறைக் குகைகளும் அந்தத் தொல்மனிதர் வரலாற்றோடு தொடர்புடையவையே.

பழமையை விடவும் நம்மை நேரடியாகத் தொடுவது நீர். குன்றுகளின் அடிவாரத்தில், கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் அது முதன்மையானது. ஆந்திரத்திலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் கண்டலேறு–பூண்டிக் கால்வாய் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. பூண்டியில் திறந்துவிடப்படும் உபரி நீர் கொசஸ்தலை வழியே ஓடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. குன்றின் சரிவில் புதரும் மண்ணும் இருந்தால் மழைநீர் நின்று, ஊறி, மெல்ல இறங்கும். சரிவு மொட்டையானால் மண்ணையும் குப்பையையும் அடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கீழே வரும். அதன் பெயர்தான் வெள்ளம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, அதை வாளியாலும் கையாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். அவர்களுக்கு உதவித் தொகையும் உணவும் கொண்டு சென்றோர் பலர் இருந்தார்கள். ஆனால் அந்த ஆறு புறப்பட்டு வரும் பக்கத்தை ஏறிட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அடிவாரத்தில் நண்பர் ஒருவரின் மாந்தோப்பில் கூடாரம் அமைத்தோம். காப்புக்காட்டுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. லுஹர் நேரம் வந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், நாம் இப்போது முஸாஃபிர்தானே? கஸ்ர் செய்யலாமா?" என்று கேட்டார். உடன் வந்திருந்த ஹஜ்ரத் சிரித்தார். "அவ்வளவு தூரம் வரவில்லை தம்பி. முழுமையாகவே தொழ வேண்டும்" என்றார். அந்தப் பதிலில் ஃபிக்ஹுச் சட்டம் மட்டும் இல்லை என்று பிறகு நமக்குத் தோன்றியது. இந்தக் காட்டில் நாம் பயணிகள் அல்லர், உள்ளூர்க்காரர்கள். இது நம் வீட்டுக் கொல்லை.

சாக்குகளில் சேர்ந்தவை

வேலை எளிதாகத்தான் தொடங்கியது. வனக்காப்பாளர் முதலில் சில விதிகளைச் சொன்னார். சத்தம் கூடாது, தீ மூட்டக் கூடாது, கல்லைப் புரட்டும்போது வெறுங்கை கூடாது, குகைப் பக்கம் பெருந்தேன் கூடுகள் தொங்குவதால் அத்தர் பூசியவர்கள் பின்னால் நிற்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் பின்னால் போக வேண்டியதாயிற்று.

வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பகுதியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த முதியவர். எது பிடுங்க வேண்டிய செடி, எது தொடக் கூடாத செடி என்று காட்டிக் கொடுத்தவர் அவரே. அவர் கை காட்டாமல் போயிருந்தால், ஆர்வக்கோளாறில் நாம் விடத்தலைக் கன்றுகளைச் சீமைக் கருவேலம் என்று எண்ணிப் பிடுங்கி எறிந்திருப்போம். இரண்டுக்கும் முள் உண்டு. நுண்ணிய இலையும் உண்டு. ஒன்று இந்த மண்ணுக்கு உரியது. மற்றொன்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, வறண்ட நிலமெங்கும் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுவது. இத்தகைய அயல் தாவரங்களை அகற்றித் தமிழ்நாட்டுக் காடுகளை மீட்பதற்காகவே 2022-இல் மாநில அரசு தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வளர்ந்த சீமைக் கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு தோண்ட வேண்டும். கன்றாக இருக்கும்போதோ, மழை ஓய்ந்து மண் ஈரமாக உள்ள நாட்களில் ஒரு சிறுவனே பிடுங்கிவிடலாம். தீமையை முளையில் அகற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம் பிள்ளைகளுக்கு எந்த மதரஸாவிலும் கிடைக்காது.

குப்பைதான் நம்மைக் களைப்படையச் செய்தது. பாதையோரமெங்கும் மதுப் புட்டிகள், உடைந்த கண்ணாடி, தின்பண்ட உறைகள், தண்ணீர்ப் பாட்டில்கள், தெர்மாகோல் தட்டுகள். ஓடைப் படுகைகளில் முந்தைய மழை கொண்டுவந்து சிக்க வைத்தவை வேறு. மாலையில் சாக்குகள் தோப்பின் ஓரத்தில் ஆளுயரத்துக்குக் குவிந்தன.

அப்போது பயன்பட்டவர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர். அவருக்குப் படிப்பு அதிகம் இல்லை. கூட்டங்களில் பேசவும் மாட்டார். தார்ப்பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். பெட் பாட்டில் ஒரு பக்கம், மூடி தனியாக, அலுமினியக் கேன் தனியாக, வெள்ளைக் கண்ணாடி வேறு, நிறக் கண்ணாடி வேறு என்று விறுவிறுவென்று பிரித்தார். ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசிக் குவியல் விற்பனைக்குரிய பொருளாயிற்று. எஞ்சியவை பளபளப்பான தின்பண்ட உறைகளும், மெல்லிய பிளாஸ்டிக் பைகளும், தெர்மாகோலும். "இதை எந்தக் கடைக்காரனும் வாங்க மாட்டான். வாங்க ஆள் இருந்தால் இது காட்டில் கிடக்குமா?" என்றார். கழிவு மேலாண்மை பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் சொல்லப்படுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எடைபோட்டு விற்பவர் என்று நாம் ஏளனமாக நினைக்கும் சகோதரர்கள்தாம் இந்த நாட்டின் குப்பையைப் பெருமளவு குறைத்துக் கொண்டிருக்கிறார்கள் என்பதை அன்று உணர்ந்தோம்.

மறுநாள் காலை, ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் ஓடைக்கு இறங்கினோம். அங்கே ஒரு பத்து வயதுச் சிறுமி ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நிக்காஹ் விருந்தில் இனிப்பு போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பளபளப்பான பை. மணமக்களின் பெயர் பாதி அழிந்திருந்தது. ஆனால் மேலே அச்சிட்டிருந்த பிஸ்மில்லாஹ் அழியவில்லை. பத்தடி தூரத்தில் மதுப் புட்டிகள் கிடந்தன.

எவரும் பேசவில்லை. ஹஜ்ரத் அதை வாங்கி, சட்டையின் நுனியால் சேற்றைத் துடைத்து, மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார். சிறுமி மட்டும், "இது நம்மாளுங்க போட்டதா அத்தா?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை "ஆமாம்மா" என்றார். வேறென்ன சொல்ல முடியும்?

அதுவரை "யாரோ" போட்ட குப்பையை நாம் பெருந்தன்மையோடு அகற்றிக் கொண்டிருந்தோம். அந்தக் கணத்திலிருந்து அது நம் குப்பையாயிற்று.

அமானிதத்தின் பொருள்

மனிதனைப் பூமியில் கலீஃபாவாக அல்லாஹ் ஆக்கினான் என்று நாம் மேடைதோறும் கேட்கிறோம். கலீஃபா என்றால் உரிமையாளன் அல்லன், பொறுப்பாளன். ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றி உரியவன் விசாரிப்பான் என்ற அச்சம் உள்ளவனே பொறுப்பாளன். தொழுகையைப் பற்றியும் ஸகாத்தைப் பற்றியும் விசாரணை உண்டு என்று நம்பும் நாம், மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் கேட்கப்படமாட்டோம் என்று எப்படி இருந்துவிட்டோம்?

நம் மார்க்கத்தில் இதற்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ விலங்கோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணினார்கள். மக்கள் ஒதுங்கும் நிழலையும் நடக்கும் பாதையையும் அசுத்தப்படுத்துவதைக் கடுமையாகத் தடுத்தார்கள். மதீனாவைப் புனித எல்லையாக்கி, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையையும் தடை செய்தார்கள். நகீஉ என்னும் மேய்ச்சல் நிலத்தைப் பொது நலனுக்காக ஒதுக்கிப் பாதுகாத்தார்கள். "ஹிமா" என்று அழைக்கப்படும் இந்த முறை, உமர் (ரலி) அவர்களின் காலத்திலும் ரபதா போன்ற இடங்களில் தொடர்ந்தது. காப்புக்காடு என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. இஹ்ராம் உடுத்திய ஒருவர் வேட்டைப் பிராணிக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதை ஹஜ் வகுப்பில் மனப்பாடமாகப் படிக்கிறோம். அந்தச் சில நாட்களின் பயிற்சி, ஊர் திரும்பிய பின் வாழ்நாள் முழுவதும் நீடிக்க வேண்டாமா?

நம்மிலும் முன்னோடிகள் உண்டு. மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சாலிம் அலி (1896–1987), இந்தியப் பறவையியலுக்கே அடித்தளமிட்டவர். அவர் பெயரில் ஓர் ஆய்வு மையம் நம் கோயம்புத்தூரில் இயங்குகிறது. இலங்கையில் பிறந்த ஃபஸ்லுன் காலித், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமை மையமாகக் கொண்டு சுற்றுச்சூழலுக்கான இஸ்லாமிய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சான்சிபார்த் தீவுக் கூட்டத்தில் உள்ள மிசாலித் தீவில் வெடி வைத்து மீன் பிடித்த முஸ்லிம் மீனவர்களிடம், குர்ஆனின் போதனைகளை முன்வைத்துப் பேசிப் பவளப்பாறைகளைக் காக்கும் வழியைக் காட்டிய பணியில் அந்நிறுவனத்துக்குப் பங்குண்டு. சட்டத்துக்கு இணங்காத கைகளை மார்க்கத்தின் சொல் நிறுத்தியது என்பது நம் உலமாக்கள் சிந்திக்க வேண்டிய செய்தி.

எழும் கேள்விகள்

"இது அரசின் வேலை, ஆலைகளின் வேலை" என்கிறார்கள் சிலர். உண்மைதான். ஆலைக் கழிவை ஆற்றில் விடுபவரின் பொறுப்பை, ஞாயிற்றுக்கிழமை சாக்குப் பை தூக்குபவர் சுமக்க வேண்டியதில்லை. நம் பணி எந்த நிறுவனத்தின் குற்றத்தையும் மறைக்கும் திரையாக ஆகிவிடக் கூடாது. ஆண்டுக்கொரு முறை மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் புகையைத் திறந்துவிடும் விழாக்களில் நாம் அழகுக்காக நிற்கவும் கூடாது. ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். இந்தத் தொழிற்பேட்டையில்தான் நம்மில் பலருக்கு அல்லாஹ் ரிஸ்க்கை வைத்திருக்கிறான். புகையைப் பற்றி வாய் திறந்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஓடையைத் தன் கையால் சுத்தம் செய்தவன், அந்த ஓடையின் நீர் நிறம் மாறினால் முதலில் காண்பான். அடுத்து, கேட்பான். கேட்கும் தைரியம் தனியாக வராது. சேர்ந்து வேலை செய்தவர்களுக்குச் சேர்ந்து கேட்கும் தைரியமும் வரும்.

"ஏழைக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டுச் செடி பிடுங்குவதா?" என்றும் கேட்கப்படுகிறது. இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நீர் கெட்டால் முதலில் நோயுறுபவர் யார்? வெள்ளம் வந்தால் முதலில் கூரை இழப்பவர் யார்? ஆற்றங்கரைக் குடிசையில் வாழும் ஏழைதான். அவர் வீட்டுக்கு வெள்ளம் வராமல் காப்பதும் ஸதகாதான். அதில் அவர் நம்மிடம் கை நீட்டும் நிலையும் நேர்வதில்லை.

"இரண்டு நாளில் என்ன மாறிவிடும்?" என்பது அடுத்த கேள்வி. சென்னைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் ஜனவரி தொடங்கிக் கோடை வரும்வரை, இரவெல்லாம் மணலில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களோடு நடக்கலாம். ஒருவர் ஓரிரவு நடப்பதால் எதுவும் மாறவில்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வோர் இரவும் யாரோ ஒருவர் நடந்ததால் மாறியது. இங்கிலாந்தில் 1959-இல் பாக்ஸ் ஹில் என்ற குன்றில் ஒரு சிறு குழு புதர் அகற்றியதில் தொடங்கிய தன்னார்வப் பணி, பின்னர் நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவது என்பதை நாம் அறியாதவர்களா?

பெண்களைக் குறித்த தயக்கமும் சிலருக்கு உண்டு. ஆறு குடும்பங்களின் பெண்களும் அங்கே ஹிஜாபோடுதான் பணியாற்றினார்கள். அவர்களுக்கெனத் தனிக் கூடாரமும், மறைவான கழிப்பிடமும், உளூவுக்குப் போதிய நீரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டன. இவற்றைச் செய்யாமல் அழைப்பதுதான் தவறு. செய்துவிட்டு அழைத்தால் அவர்களே முன்னால் நிற்பார்கள். கன்றுகளை அதிகம் பிடுங்கியது எந்தக் குழு என்று இங்கே எழுதினால் ஆண்கள் வருந்துவார்கள், ஆகவே விட்டுவிடுகிறோம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, அனுமதியின்றி எந்தக் காட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாகாது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்கள் சொல்லும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். பருவமழை ஓய்ந்து, காட்டுத்தீக் காலம் தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களே ஏற்றவை. முதலில் காட்டைப் பார்க்க மட்டும் விரும்புவோருக்கு, 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குடியம் குகைப் பாதையும் இடம்பெற்றுள்ளது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்கலாம். கண்டால்தான் அன்பு வரும். அன்பு வந்தால்தான் வேலை நடக்கும்.

இரண்டாவதாக, காட்டுக்குப் போகும் முன் நம் பந்தியைப் பார்ப்போம். ரமளானில் இஃப்தாருக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் குவியும் பிளாஸ்டிக் கோப்பைகள், வலீமா முடிந்த மண்டபத்தின் பின்புறம் குவியும் பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டில்கள், கந்தூரிகளில் மிஞ்சும் தெர்மாகோல் தட்டுகள் எங்கே போகின்றன என்று ஒரு நாளேனும் பின்தொடர்ந்து பார்த்தோமா? உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், வீண்விரயத்தைத் தடுத்திருக்கிறான். ஜமாஅத்துக்கு ஒரு நூறு எவர்சில்வர் தட்டும் குவளையும் வாங்கி வைத்தால், எத்தனை நிக்காஹ்களுக்கு அது ஸதகத்துல் ஜாரியாவாக இருக்கும்! இறைநாமத்தை அச்சிட்ட பிளாஸ்டிக் பைகளையேனும் உடனே நிறுத்துவோம். அந்த ஓடையில் கிடந்தது போன்ற இன்னொரு பை கிடைக்கக் கூடாது.

மூன்றாவதாக, ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு இரண்டு வார இறுதிகளை இதற்கென ஒதுக்கட்டும். காடுதான் வேண்டும் என்பதில்லை. ஆரணியாற்றுக் கரை உண்டு. பூநாரைகள் வந்திறங்கும் பழவேற்காட்டு ஏரி உண்டு; அங்கே தலைமுறைகளாக வாழும் நம் சகோதர சகோதரிகள் பனையோலையில் அழகிய பொருள்கள் முடைந்து விற்கிறார்கள். பிளாஸ்டிக் பைக்கு மாற்று எங்கே என்று தேடும் நமக்கு, பதில் நம் மாவட்டத்திலேயே நம்மவர் கையிலேயே இருக்கிறது. பணிக்குச் செல்லும் இடத்தில் மற்றச் சமயத்தவரையும் சேர்த்துக் கொள்வோம். பதாகை பெரிதாக வேண்டாம். படங்கள் குறைவாக இருக்கட்டும். நிய்யத்து மட்டும் சரியாக இருக்கட்டும்.

திரும்பும் வழியில், வண்டியில் ஏறுமுன் அந்த இருளர் முதியவரிடம் விடைபெற்றோம். "போன மழையிலே வந்தவங்கெல்லாம் பார்த்துட்டுப் போனாங்க. நீங்க எடுத்துட்டுப் போறீங்க. மறுபடியும் வருவீங்களா பாய்?" என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னோம்.

அந்தச் சொல்லை நாம் எத்தனையோ முறை, வர எண்ணமில்லாத இடங்களுக்கும் சொல்லிவிடுகிறோம். இம்முறை அதை வாக்குறுதியாகவே சொன்னோம். அடுத்த பருவமழை முடிந்ததும் ஆறு குடும்பங்கள் பன்னிரண்டாக வேண்டும். உங்கள் குடும்பம் அதில் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளம் வந்த பின் நம்மைத் தேடி வந்தவர்கள், வெள்ளம் வருமுன் நாம் எங்கே இருந்தோம் என்று கேட்டால், சொல்வதற்கு நமக்கு ஒரு பதில் வேண்டும். நாளை அதே கேள்வியை மறுமையிலும் கேட்கக் கூடியவன் ஒருவன் இருக்கிறான்.

நம் சிறிய முயற்சிகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்குத் தூய நீரையும் பசுமையான மண்ணையும் விட்டுச் செல்லும் பாக்கியத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.